இரண்டு நாள் கணக்கு, இரண்டு நாள் வேட்டை: பிஜிடிஐ-யில் ஒரு சீசன்

பிஜிடிஐ (புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா) 2006-இல் தொடங்கிய இந்திய ஆண்கள் தொழில்முறை கோல்ஃப் டூர், அதாவது ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடர். பிப்ரவரி வாக்கில் ஆரம்பித்து, மழைக்காலத்தில் ஓர் இடைவெளி விட்டு, டிசம்பரில் ஜாம்ஷெட்பூரில் சீசன் முடியும். சென்னை நந்தனத்திலும் கோவை செட்டிபாளையத்திலும் அமெச்சூராக நன்றாக ஆடிவிட்டு, 'இனி புரோ ஆகிவிடலாம்' என்று கிளம்பும் பையன்கள் ஸ்விங்கை மட்டும் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். ஸ்விங் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சீசன் கைநழுவுவது ரயிலில் ஒடிந்த டிரைவர் கிளப்பின் ஷாஃப்டில் (தண்டில்), தப்பாக எண்ணிய யார்டேஜில் (தூரக் கணக்கில்), இரண்டாம் நாள் மாலை பதற்றத்தில் வந்த டபுள் போகியில் (ஹோலுக்குரிய அடிகளைவிட இரண்டு கூடுதல்), அக்டோபரிலேயே தீர்ந்துபோன பணத்தில்.

முதலில் கட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்: நாலு நாள் போட்டியில் பாதியிலேயே ஆட்களைக் குறைக்கும் கோடு அது. சாதாரண வாரத்தில் 120 பேருக்கு மேல் ஆடுவார்கள். இரண்டு நாளில் 36 ஹோல் முடிந்ததும் முதல் 50 பேரும், ஐம்பதாம் இடத்தில் சமமாக நிற்பவர்களும் கட் தாண்டுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. மொத்தப் பரிசு ஒரு கோடி என்றால் வென்றவருக்கு 15 லட்சம், இரண்டாமவருக்கு 10 லட்சம் என்ற அளவில் ஆரம்பித்து, அதன்பின் சரசரவென்று இறங்கும். கட் தாண்டிய கடைசி ஆளுக்குக் கிடைப்பது அந்த வாரச் செலவை ஈடுகட்டினாலே பெரிது. சம்பாதித்த பணத்தை வைத்துத்தான் ஆர்டர் ஆஃப் மெரிட் பட்டியல். ஆண்டு முடிவில் அதில் முதல் 60 இடத்துக்குள் இருந்தால்தான் அடுத்த ஆண்டுக்கு முழு கார்டு, அதாவது டூரில் ஆடும் உரிமை.

வாரத்துக்கு 40,000 ரூபாய் செலவு, 20 வாரம் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு லட்சம். இருபது வாரமும் கட் தாண்டி நாற்பத்தைந்தாவதாக முடித்தால் அந்த எட்டு லட்சத்தைத் தேற்றுவதே பாடு. அதே சீசனில் பத்து கட் தவறி, ஒரே ஒரு வாரம் இரண்டாவது வந்தால் கதை வேறு. ஆகவே முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் ஒரே ஆட்டம் அல்ல. முதல் 36 ஹோலில் வேலை ஒன்றுதான், டபுள் போகி வராமல் பார்த்துக்கொள்வது. கட் தாண்டியபின் மூன்றாம் நாள் காலை டீயில் (ஹோலின் முதல் ஷாட் அடிக்கும் இடத்தில்) நிற்கும்போது இழக்க எதுவும் இல்லை. கடைசி இடத்துக்கும் முப்பதாவது இடத்துக்கும் பண வித்தியாசம் கொஞ்சம்தான். முதல் பத்துக்குள் போனால்தான் அந்த வாரம் வந்ததற்குப் பொருள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாள் குழியில் நிற்கும் கொடியைக் குறிவைத்து அடித்து 76 எடுப்பது, கட் தாண்டிய நிம்மதியில் மூன்றாம் நாள் பார் பாராக (ஹோலுக்குரிய அடிகளிலேயே) ஆடி அப்படியே நிற்பது.

இரண்டாம் நாள் மாலை, கட் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள், மூன்று ஹோல் பாக்கி. அந்த நேரத்தில் கொடி எங்கே என்று பார்க்கக் கூடாது. கிரீனின் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரையின்) நடு எங்கே, அதுவரை எத்தனை யார்டு என்று மட்டும் பாருங்கள். நடுவிலிருந்து இரண்டு பட் (தரையோடு உருட்டும் அடி). மூன்றில் ஒன்று தானாக விழும். லீடர்போர்டைப் பார்த்துக் கட் எங்கே நகர்கிறது என்று கணக்குப் போடுவது வீண். காலையில் ஆடியவர்கள் போட்ட ஸ்கோர் மாறாது. பின்னால் ஆடுபவர்கள் கையில் இருப்பது உங்கள் கையில் இல்லை.

டூருக்குள் நுழைய குவாலிஃபையிங் ஸ்கூல். முதல் கட்டத்தில் பல குழுக்களாக ஆடி, அதிலிருந்து தேறியவர்கள் இறுதிக் கட்டம் போவார்கள். இறுதிக் கட்டம் நான்கு ரவுண்டு. அங்கே யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை, கார்டு கிடைக்கும் எண்ணிக்கைக்குள் இருந்தால் போதும். அதனால் இது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. நாலு நாளும் 72, 73 என்று சலிக்காமல் போடுபவர், ஒரு நாள் 66-உம் மறுநாள் 80-உம் போடுபவரை முந்திவிடுவார்.

பயணத்துக்கு வருவோம். உள்நாட்டு விமானங்களில் எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். 14 கிளப், பந்து, குடை, ஷூ போட்டால் பேக் மட்டுமே அதைத் தின்றுவிடும். துணிமணிக்கு எடை மிகும். கூடுதல் எடையை விமான நிலையக் கவுன்டரில் கட்டாதீர்கள், டிக்கெட் எடுக்கும்போதே முன்பதிவு செய்தால் குறைவு. டிரைவர், வுட் இரண்டின் தலையையும் சாவியால் கழற்றி, சாக்ஸில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வையுங்கள். அந்தச் சாவி செக்-இன் பேக்கிலேயே இருக்கட்டும், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். பேக்குக்குள் எல்லாக் கிளப்பையும்விட இரண்டு அங்குலம் நீளமான ஒரு கெட்டியான கம்பு நட்டுவையுங்கள். யாராவது பேக்கைத் தலைகீழாக வீசினாலும் அடி கம்பில்தான் விழும், ஷாஃப்டில் விழாது. துடைப்பக் கட்டை போதும். நுனியில் ஒரு டென்னிஸ் பந்தைக் குத்திவிட்டால் துணி கிழியாது.

ரயில் என்றால் கீழ் பர்த் போடுங்கள். பேக் பர்த்துக்கு அடியில் நீளவாக்கில் போகும். சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத் தூங்கலாம். பட் அடிக்கும் கிளப்பான பட்டரையும் இரண்டு கிளவுஸையும் மட்டும் கூடவே வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பேக் வந்து சேராவிட்டாலும் அயர்ன் கிளப்பை யாரிடமாவது கடன் வாங்கிவிடலாம். கைக்குப் பழகிய பட்டரை யாரிடம் வாங்குவது?

பெரும்பாலான தொழில்முறைப் போட்டிகளில் ஒரே பந்து விதி இருக்கும். எந்த நிறுவனத்தின் எந்த மாடலில் ரவுண்டை ஆரம்பித்தீர்களோ, அதே மாடலில்தான் முடிக்க வேண்டும். அசாமின் திக்பாய் போகும்போது பந்து குறைந்துவிட்டால் அங்கே கடை தேடி அலைய முடியாது. ஒரு ரவுண்டுக்கு ஆறு பந்து என்று வைத்து, வாரத்துக்கு மூன்று டஜனாவது பேக்கில் இருக்கட்டும்.

பயிற்சி ரவுண்டில் ஸ்கோர் எடுக்காதீர்கள், அளவு எடுங்கள். முதலில் உங்கள் காலடியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலடி 36 அங்குலம் இருக்க வேண்டும். பலருக்கு இயல்பான நடையில் 33 அங்குலம்தான் வரும். அப்படி 30 காலடி வைத்தால் இரண்டரை யார்டு தப்பு. பங்கரை (மணல்குழியை) தாண்டுவதற்கும் அதன் உதட்டில் புதைவதற்கும் அவ்வளவுதான் தூரம். டேப் வைத்து 50 யார்டு குறித்து, அதில் சரியாக 50 காலடி வரும்வரை நடந்து பழகுங்கள்.

ஒரு ஷாட்டின் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலையில் 146 என்று இருக்கிறது, அது கிரீன் முன்விளிம்புவரை. பந்து அதற்கு ஐந்து காலடி பின்னால், ஆக 151. அன்றைய பின் ஷீட்டில் (கொடி இருக்கும் இடம் சொல்லும் தாளில்) '14, வலம் 4' என்று இருந்தால் கொடி முன்விளிம்பிலிருந்து 14 உள்ளே, வலது ஓரத்திலிருந்து 4. கொடிக்கு 165. வலது முன்பக்க பங்கரைத் தாண்ட 158 வேண்டும். கிரீன் ஆழம் 28, ஆகப் பின்விளிம்பு 179. ஐந்து யார்டு ஏற்றம் சேர்த்தால் கொடி 170 ஆக ஆடும். வலப்பக்கம் நாலே காலடி இருக்கும் கொடியை நேராகக் குறிவைப்பது நாலாம் நாள் கடைசி மூன்று ஹோலில் சரி. முதல் நாள் கொடிக்கு ஐந்து யார்டு இடப்பக்கம், அந்த 170 விழும் கிளப். உங்கள் யார்டேஜ் புத்தகத்தில் எழுத வேண்டியதும் இதற்கேற்றபடிதான்: ஒவ்வொரு பங்கரும் எங்கே ஆரம்பிக்கிறது, தாண்ட எத்தனை, கிரீனின் எந்தப் பக்கம் தவறினால் சிப் செய்ய (சின்னதாகத் தூக்கிக் குழியருகே போட) முடியும், எந்தப் பக்கம் தவறினால் முடியாது. கடைசி இரண்டும் எந்த அச்சடித்த யார்டேஜ் புக்கிலும் இருக்காது.

கிரீனில் புல்லின் சாய்வு. நம் நாட்டில் வெப்பமான ஊர்களின் கிரீன்களில் பெரும்பாலும் பெர்முடா வகைதான், அது ஒரு பக்கமாகப் படுத்து வளரும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளவென்று வெளுத்துத் தெரிந்தால் சாய்வு உங்களைவிட்டு விலகிப் போகிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் சாய்வு உங்களை நோக்கி வருகிறது, பந்து நின்றுவிடும். சந்தேகம் வந்தால் குழி அருகே போய்க் குனிந்து விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருக்கும். எதிர்ப்பக்கம் வேர் அறுந்து, புல் காய்ந்து, பழுப்பாகப் பிசிறியிருக்கும். புல் சாய்ந்து வளர்வது அந்தப் பிசிறிய பக்கம் நோக்கித்தான். நடுப்பகலுக்குமேல் பிசிறு இன்னும் நன்றாகத் தெரியும். தரையின் சரிவு ஒரு பக்கமும் புல்லின் சாய்வு எதிர்ப்பக்கமும் இருந்தால், பந்து வேகமாக ஓடும் முதல் பாதியில் சரிவை நம்புங்கள், வேகம் குறையும் கடைசி மூன்று அடியில் சாய்வு இழுக்கும்.

இதையெல்லாம் சொல்லித்தர அந்த ஊர் கேடியைவிட (பேக் தூக்கி யோசனை சொல்பவரைவிட) ஆள் கிடையாது. இந்திய கோல்ஃபில் கேடியாக இருந்து மேலே வந்தவர்கள் எத்தனை பேர்! 1991-இல் இந்தியன் ஓப்பன் வென்ற முதல் இந்தியர் அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். 2016, 2017 இரண்டு ஆண்டும் அதை வென்ற எஸ்.எஸ்.பி. சௌரேசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். புல்லைக் காலால் படித்து வளர்ந்தவர்கள் இவர்கள். இலங்கையிலிருந்து வந்து ஆடும் என். தங்கராஜா போன்றவர்களின் கிரீன் ஆட்டத்தையும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஒரு பட்டுக்கு முன் எத்தனை கோணத்தில் பார்க்கிறார்கள் என்பதே பாடம்.

கேடியிடம் பணம் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். வாரக் கூலி இவ்வளவு, கட் தாண்டினால் பரிசில் ஐந்து சதவீதம், முதல் பத்துக்கு ஏழு, வென்றால் பத்து என்பது உலக வழக்கம். அதை ஒட்டி எதையாவது முடிவு செய்து அதில் நில்லுங்கள். 'பாத்துத் தர்றேண்ணா' என்று சொல்லிவிட்டு நாலாம் நாள் இழுத்தடிப்பது மகா தவறு. அடுத்த ஆண்டு அதே கிளப்புக்குப் போகும்போது நல்ல கேடி யாரும் உங்கள் பேக்கைத் தூக்க வரமாட்டார்.

டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி கோர்ஸ் ஒரு தனிப்பாடம். ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வெளியின்) இருபுறமும் அடர்ந்த புதர். மயில் உலாவும். அழகில் மயங்கி டிரைவர் எடுத்தால் தொலைந்தீர்கள். பந்து புதருக்குள் போனால் தேட மூன்றே நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்த பந்து, ஒரு ஸ்ட்ரோக் (அடி) பெனால்டியோடு டீக்கே திரும்ப வேண்டும். ஆகவே சந்தேகம் வந்தவுடனே 'புரொவிஷனல் அடிக்கிறேன்' (தற்காலிகப் பந்து) என்று கூட ஆடுபவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி அடியுங்கள். சொல்லாமல் 'இன்னொண்ணு அடிச்சுக்கிறேன்' என்று அடித்தால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டத்தில் இருக்கும் பந்தாகிவிடும். பந்து கிடைத்து ஆட முடியாத நிலையில் இருந்தாலும் பக்கவாட்டில் இரண்டு கிளப் நீளம் டிராப் எடுப்பது அங்கே வீண், இரண்டு கிளப் தள்ளியும் புதர்தான். கொடிக்கு நேர்கோட்டில் பின்னால் போனாலும் புதர். டீக்கே திரும்பி மூன்றாவது ஷாட்டாக அயர்ன் அடிப்பதுதான் பல நேரம் குறைந்த சேதம். புதருக்குள்ளிருந்து வெட்டி எடுக்கப் போய் எட்டு எடுத்தவர்கள் நிறைய.

ராயல் கல்கத்தா, 1829-இல் தொடங்கிய கிளப், பிரிட்டனுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழையது. நிலம் தட்டையாக இருப்பதால் தூரம் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். குளங்கள் எங்கே தொடங்குகின்றன என்று தெரியாது. அங்கே கண்ணை நம்பாமல் எண்ணை நம்புங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். பந்து மூன்று சதவீதம்போல் கூடுதலாகப் போகும். சென்னையில் 150 போகும் கிளப் அங்கே 154, 155. கோவையில் தென்மேற்குப் பருவம் வீசும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பந்தைத் தூக்கிவிடும். உயரமாக அடிப்பவர்கள் ஒரு தாழ்வான ஷாட் கற்றுக்கொண்டு வரவேண்டும்: பந்தை ஸ்டான்ஸில் (நிற்கும் நிலையில்) ஒரு பந்து அகலம் பின்னால் வைத்து, ஒரு கிளப் கூட எடுத்து, முக்கால் ஸ்விங். வேகமாக அடித்தால் சுழற்சி கூடி மேலேதான் ஏறும்.

திக்பாய் அசாமின் கிழக்கு மூலை. திப்ரூகர்வரை விமானம், பிறகு சாலை. நவம்பர் கடைசியில் அங்கே நாலே காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். தமிழ்நாட்டு வழக்கப்படி மதியம் ஓய்வெடுத்து மாலை பயிற்சிக்குப் போகலாம் என்று நினைத்தால் இருட்டிவிடும். எல்லாவற்றையும் இரண்டு மணிநேரம் முன்னால் நகர்த்துங்கள்: சாப்பாடு, தூக்கம், பயிற்சி.

டிசம்பரில் வடக்கே மூடுபனி. ஏழு மணி டீ நேரம் ஒன்பதரைக்குப் போகும். காத்திருக்கும் நேரத்தில் பந்து அடித்துக்கொண்டே இருந்தால் டீயில் நிற்கும்போது தோள் தளர்ந்திருக்கும். ஸ்வெட்டரோடு உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள். 'முப்பது நிமிடத்தில் ஆரம்பம்' என்று அறிவித்தபின் 15 பந்து, பத்து பட், போதும். குளிரில் பந்து குறைவாகப் போகும், ஈரத் தரையில் உருளாது. ஒரு கிளப் கூட எடுக்க வேண்டிவரும். மாலையில் வெளிச்சம் போய் ஆட்டம் நிறுத்தப்படும்போது சைரன் மூன்று முறை ஒலித்தால், ஆடிக்கொண்டிருக்கும் ஹோலை முடிக்கலாம், முடிக்காமலும் நிறுத்தலாம். ஒரே நீண்ட ஒலி என்றால் மின்னல் போன்ற ஆபத்து, அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஒரு ஷாட்கூட அடிக்கக் கூடாது. இருட்டில் நாலடி பட் பாக்கி என்றால் பெரும்பாலும் மார்க் வைத்துவிட்டுப் போவது நல்லது. காலையில் புதிதாக வெட்டிய கிரீனில் அது நேராகப் போகும்.

தெற்கிலும் கல்கத்தாவிலும் எதிரி ஈரம். ஒரு ரவுண்டுக்கு மூன்று கிளவுஸ், மூன்று ஹோலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழற்றியதைப் பாக்கெட்டில் திணிக்காமல் குடைக் கம்பியில் தொங்கவிடுங்கள், திரும்ப முறை வரும்போது காய்ந்திருக்கும். இரண்டு துண்டு வேண்டும், ஒன்று நனைந்தது முகத்துக்கு, ஒன்று எப்போதும் காய்ந்தது கிரிப்புக்கு. ஓஆர்எஸ் ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாதித் தண்ணீரில் கலந்தால் வயிறு கெடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் ஒவ்வொரு டீயிலும் நாலு மடக்கு. வாழைப்பழமும் கடலைமிட்டாயும் எந்த ஊரிலும் கிடைக்கும், அவற்றுக்கு மேல் ஒன்றும் தேவையில்லை. சளிக்கு மருந்துக்கடையில் கேட்காமல் மாத்திரை வாங்காதீர்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை ஊக்கமருந்துச் சோதனையில் சிக்க வைக்கும்.

விதியால் போகும் ஸ்ட்ரோக்குகள்தான் மனதை அதிகம் நோகடிக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் தவிர்க்கக்கூடியது. பயிற்சி கிரீனில் இரண்டு வெட்ஜ் கிளப்பை மாற்றிப் பார்த்துவிட்டு இரண்டையும் பேக்கில் போட்டு 15 கிளப்போடு ஆரம்பித்தால், மீறிய ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு ஸ்ட்ரோக், ரவுண்டுக்கு அதிகபட்சம் நாலு. முதல் டீயில் கேடியோடு சேர்ந்து எண்ணுங்கள். டீ நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் இரண்டு ஸ்ட்ரோக், அதற்குமேல் நீக்கம். காகமோ நாயோ நின்ற பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பெனால்டி இல்லை, இருந்த இடத்தில் வேறு பந்து வைக்கலாம். ஆனால் அது தூக்கிப் போனது தெரிந்த சேதியாகவோ ஏறக்குறைய உறுதியாகவோ இருக்க வேண்டும், வெறும் ஊகம் போதாது. ஸ்கோர்கார்டை மேசையில் உட்கார்ந்து ஹோல் ஹோலாக வாய்விட்டுச் சரிபாருங்கள். ஒரு ஹோலில் எடுத்ததைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் நீக்கம், கூட எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். மொத்தத்தைக் கூட்டுவது கமிட்டியின் வேலை, ஹோல் எண்கள் உங்கள் பொறுப்பு.

ஜாம்ஷெட்பூரில் சீசன் முடியும் போட்டி வேறெங்கும் இல்லாத மாதிரி. ஒரே ரவுண்டில் ஒன்பது ஹோல் பெல்டி கோர்ஸிலும் ஒன்பது ஹோல் கோல்முரி கோர்ஸிலும் ஆட வேண்டும், நடுவே வண்டியில் மாற வேண்டும். உடல் ஆறிவிடும், கிரீன் வேகமும் மாறும். இறங்கியதும் நேராக டீக்குப் போகாமல் பட்டிங் கிரீனில் முப்பதடி தூரத்தில் ஐந்து பந்து உருட்டிப் பாருங்கள். குழியைப் பார்க்க வேண்டாம், வேகம் மட்டும். அங்கே பரிசுத்தொகை மற்ற வாரங்களைவிட அதிகம், அதனால் அறுபதாவது இடம் அந்த ஒரு வாரத்தில் பலமுறை கைமாறும். அறுபதுக்கு அருகில் நிற்பவர்கள் டிசம்பர்வரை காத்திராமல், குவாலிஃபையிங் ஸ்கூல் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து, அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சீசன் முழுவதும் சேர்ந்த ரயில் டிக்கெட், ஓட்டல், கேடி ரசீதுகளை மாதவாரியாக உறையில் போட்டு ஆடிட்டரிடம் கொடுங்கள். பேக்கில் பட்டரைத் தவிர்த்த பதின்மூன்று கிரிப்பையும் மாற்றுங்கள், வெட்ஜின் பள்ளங்களை நகத்தால் தடவிப் பார்த்து, வழுக்கினால் வெட்ஜையும்.